அஸ்டெக் வீழ்ச்சி: எந்தப் புத்தகத்தை எப்படிப் படிப்பது?

1520 ஜூன் கடைசியில் மெக்சிகோவின் பேரரசர் மொக்தெசுமா, தன் சொந்த நகரத்தில், ஸ்பானியர்களின் கைதியாக இறந்தார். எப்படி இறந்தார்? ஸ்பானியப் படைத் தலைவர் எர்னான் கோர்டெஸ் தன் அரசருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு விடை இருக்கிறது. கலகம் செய்த மக்களைச் சமாதானப்படுத்த வந்து நின்ற மொக்தெசுமா மீது அவருடைய குடிகளே கல்லெறிந்தார்கள், தலையில் பட்ட அடியால் மூன்று நாளில் இறந்தார் என்கிறது அது. அதே படையில் இருந்த பெர்னால் தியாஸ் என்ற சிப்பாயும் கல்லடி என்றுதான் எழுதுகிறார். ஆனால் மொக்தெசுமா சிகிச்சையையும் உணவையும் மறுத்தார், அவர் இறந்தபோது கோர்டெஸும் வீரர்களும் அழுதார்கள் என்று சேர்க்கிறார். உள்ளூர் மக்களின் நாவாட்ல் மொழியில் எழுதப்பட்ட வரலாறு, ஸ்பானியர்கள் அவருடைய உடலைக் கொண்டுவந்து நீர்க்கரையில் வீசினார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. 1581 வாக்கில் எழுதிய தியேகோ துரான் என்ற பாதிரியாரோ, காலில் விலங்கோடும் மார்பில் ஐந்து கத்திக்குத்தோடும் அவர் கிடந்தார் என்கிறார்.

ஸ்பானியர்கள் அஸ்டெக் பேரரசை வென்ற கதையைப் படிக்கத் தொடங்கும் எவரும் முதலில் முட்டிக்கொள்வது இந்த மாதிரி இடங்களில்தான். 'எது சரியான புத்தகம்?' என்ற கேள்வியோடு போனால் குழப்பம்தான் மிஞ்சும். ஒவ்வொரு நூலையும் யார், யாருக்காக, என்ன வேண்டி எழுதினார் என்று கேட்டுக்கொண்டு படித்தால் முரண்பாடுகளே வழிகாட்ட ஆரம்பிக்கும். அப்படிப் படிக்க உதவும் நூல்களைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். எல்லாமே ஆங்கிலத்தில் கிடைப்பவை.

முதலில் கதைச்சுருக்கம்

நாம் அஸ்டெக் என்று சொல்பவர்களில் முக்கியமானவர்கள் மெஷிகா மக்கள். டெஷ்கோகோ ஏரியின் நடுவே ஒரு தீவில் டெனோச்டிட்லான் என்ற நகரத்தை 1325-இல் அமைத்தார்கள் என்பது மரபு. கரையோடு இணைக்கும் அகன்ற கல்பாதைகள், குடிநீர் கொண்டுவரும் கால்வாய், தெருவெல்லாம் படகுகள் என்று இருந்த ஊர். இன்றைய மெக்சிகோ நகரம் அதன் மேல்தான் நிற்கிறது. 1428 வாக்கில் டெனோச்டிட்லான், டெஷ்கோகோ, ட்லகோபான் ஆகிய மூன்று நகரங்கள் கூட்டணி சேர்ந்து சுற்றிலும் உள்ள நாடுகளிடம் கப்பம் வாங்கத் தொடங்கின. அஸ்டெக் பேரரசு என்பது இந்தக் கூட்டணிதான். அது ஒரே நாடாக இருக்கவில்லை. கப்பம் கட்டிய ஊர்கள் தங்கள் அரசர்களையும் தெய்வங்களையும் பழைய பகைகளையும் வைத்துக்கொண்டே இருந்தன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாமே இதில்தான் வந்து நிற்கும்.

1519 பிப்ரவரியில் கோர்டெஸ் சுமார் ஐந்நூறு பேரோடு கியூபாவிலிருந்து கிளம்பினார். கடற்கரையில் சில ஊர்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். மெஷிகாக்களுக்கு அடங்காத ட்லாஷ்கலா நாட்டோடு போரிட்டு, பிறகு அதனுடனே கூட்டு வைத்தார். சொலூலா நகரில் ஒரு படுகொலை நடந்தது. 1519 நவம்பர் 8 அன்று டெனோச்டிட்லானுக்குள் விருந்தினராக நுழைந்து, சில நாட்களில் மொக்தெசுமாவைச் சிறைப்பிடித்தார். அடுத்த ஆண்டு மே மாதம் கோர்டெஸ் ஊரில் இல்லாதபோது அவருடைய தளபதி அல்வராதோ, டோஷ்கட்ல் திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்தவர்களைக் கொன்று குவித்தார். நகரம் கொந்தளித்தது. ஜூன் 30 இரவு ஸ்பானியர்கள் பெரும் இழப்போடு தப்பி ஓடினார்கள். சில மாதங்களில் பெரியம்மை பரவியது. புதிய அரசர் குயிட்லாவாக் சுமார் எண்பது நாள் மட்டும் ஆண்டு, அந்த நோயிலேயே இறந்தார். 1521 மே மாதம் கோர்டெஸ் 13 சிறு போர்க்கப்பல்களோடும் பல்லாயிரம் உள்ளூர்ப் போர்வீரர்களோடும் திரும்பி வந்து முற்றுகையிட்டார். ஆகஸ்ட் 13 அன்று கடைசி அரசர் குவாவ்டெமோக் பிடிபட்டார்.

இவ்வளவு தெரிந்தால் போதும், நூல்களுக்குள் போகலாம்.

மனு எழுதிய வீரர்கள்

இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் நான் இதைச் சொல்வேன். ஸ்பானியப் படையெடுப்பாளர்கள் சம்பளம் வாங்கும் அரசுப் படை அல்ல. சொந்தப் பணமும் கடனும் போட்டு, கொள்ளையில் பங்கு எதிர்பார்த்து வந்தவர்கள். வெற்றிக்குப் பிறகு பதவி, நிலம், கிராமங்களின் கப்பம் ஆகியவற்றை அரசரிடம் கேட்டுப் பெற வேண்டும். அதற்கு ஒவ்வொருவரும் 'நான் இன்ன இன்ன போரில் இருந்தேன், இவ்வளவு காயம் பட்டேன், இவ்வளவு செலவு செய்தேன்' என்று சாட்சிகளோடு மனு எழுதினார்கள். அப்படி எழுதுவது ஒரு தனி வகையாகவே இருந்தது. பின்னால் வந்த பெரிய வரலாற்று நூல்கள் பலவும் இந்த மனுக்களின் தொனியில்தான் நடக்கின்றன. மனுவில் எழுதுபவர்தான் நாயகன். அவருடைய கூட்டாளிகளும் வேலைக்காரர்களும் உள்ளூர்ப் படைகளும் பின்னணிக்குப் போய்விடுவார்கள்.

கோர்டெஸின் கடிதங்கள் இதற்கு மிகத் தெளிவான சான்று. ஐந்து கடிதங்கள் என்பது வழக்கம். முதலாவதின் இடத்தில் இன்று இருப்பது வெராக்ரூஸ் நகரசபையின் பெயரில் 1519 ஜூலையில் எழுதப்பட்டது. எல்லாவற்றிலும் சுவையானது 1520 அக்டோபர் 30 தேதியிட்ட இரண்டாவது கடிதம். அதை எழுதும்போது கோர்டெஸின் நிலைமை மோசம். கியூபாவின் ஆளுநர் வெலாஸ்கெஸ் அவரைக் கடற்கரையை ஆராயவும் பண்டமாற்று செய்யவும்தான் அனுப்பினார். அவர் அந்த உத்தரவை மீறி உள்நாட்டுக்குள் போய்விட்டார். ஸ்பானியச் சட்டப்படி அவர் ஒரு கலகக்காரர், பிடிபட்டால் தலை போகும். அவரைப் பிடித்துவர நர்வாயெஸ் தலைமையில் ஒரு படையே வந்தது. அதைத் தோற்கடித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். இவ்வளவுக்கும் பிறகு பிடித்த நகரத்தையும் கோட்டைவிட்டு, பெரும்பகுதிப் படையை இழந்து நிற்கிறார். அந்த நிலையில் பேரரசர் கார்லோஸுக்கு எழுதுகிறார்.

அதனால்தான் மொக்தெசுமா முதல் சந்திப்பிலேயே தன் நாட்டை ஸ்பானிய அரசருக்கு ஒப்படைத்துவிட்டதாக அந்தக் கடிதம் சொல்கிறது. 'எங்கள் முன்னோர் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள், எங்களை அழைத்துவந்த தலைவர் திரும்பிப் போய்விட்டார், அவருடைய வம்சம் வரும் என்று காத்திருந்தோம், உங்கள் அரசர்தான் அவர்' என்ற பொருளில் ஒரு நீண்ட உரையை மொக்தெசுமாவின் வாயில் வைக்கிறார். இதன் சட்டப் பயன் பெரியது. மொக்தெசுமா தானாகவே அடிபணிந்துவிட்டார் என்றால், அதன் பிறகு மெஷிகாக்கள் எடுத்த ஆயுதம் தற்காப்பு ஆகாது, ராஜத்துரோகம் ஆகிவிடும். கோர்டெஸ் நடத்திய போர் அரசரின் உரிமையை மீட்கும் போர் ஆகிவிடும். அவர் செய்த சட்டமீறலும் அதில் கரைந்துபோகும்.

அப்படியானால் மொக்தெசுமா என்னதான் பேசியிருப்பார்? நாவாட்ல் அரசவைப் பேச்சில் உயர்ந்தவர் தன்னைத் தாழ்த்திப் பேசுவதுதான் மரியாதை என்று அந்த மொழி தெரிந்த வரலாற்றாளர்கள் காட்டுகிறார்கள். 'வாங்க, இது உங்க வீடு' என்று வாசலில் நின்று சொல்பவர் வீட்டைப் பத்திரம் எழுதித் தருவதில்லை அல்லவா. வரவேற்பு உரையைச் சரணாகதி என்று கோர்டெஸ் வேண்டுமென்றே எழுதினாரா, இரண்டு மொழிபெயர்ப்பைக் கடந்து வந்ததில் அப்படித்தான் புரிந்துகொண்டாரா என்பதை வாசகர் யோசிக்கலாம். வேண்டுமென்றே எழுதினார் என்பதே என் கணிப்பு.

அந்தக் கடிதத்தில் இல்லாததையும் கவனியுங்கள். அல்வராதோ நடத்திய திருவிழாப் படுகொலை அதில் கிடையாது. மக்கள் திடீரென்று கலகம் செய்தார்கள் என்று மட்டும் இருக்கிறது. காரணத்தை எடுத்துவிட்டு விளைவை மட்டும் வைத்திருக்கிறார். இந்தக் கடிதங்களை அந்தோனி பாக்டன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். அந்தப் பதிப்பில் ஜே. எச். எலியட் எழுதிய முன்னுரை மேலே சொன்ன சட்டச் சிக்கலை அழகாக விளக்கும். முன்னுரையை முதலில் படித்துவிட்டுக் கடிதத்துக்குப் போங்கள்.

பெர்னால் தியாஸ் டெல் காஸ்டியோ வேறு மாதிரி ஆள். படித்து ரசிக்க இவரைப் போல யாருமில்லை. குவாதமாலாவில் முதியவராக உட்கார்ந்து 1568 வாக்கில் தன் 'உண்மை வரலாறு' நூலை முடிக்கிறார். கோர்டெஸோடு வந்தவர்களில் ஐந்து பேர்தான் உயிரோடு இருக்கிறோம் என்று அவரே சொல்கிறார். 1584-இல் அவர் இறந்து, நூல் அச்சானது 1632-இல். குதிரைகளின் நிறமும் குணமும், யார் யாரிடம் கடன் வாங்கினார்கள், டெனோச்டிட்லானை ஒட்டியிருந்த ட்லடெலோல்கோ ஊரின் சந்தையில் என்னென்ன விற்றது என்று எல்லாம் அவருக்கு நினைவிருக்கிறது. ஏரிக்குள் எழுந்து நின்ற நகரங்களை முதன்முதலாகப் பார்த்தபோது அது அமாதிஸ் என்ற வீரசாகசக் கதையில் வரும் மாயக் காட்சி போல இருந்தது, நாம் காண்பது கனவா என்று சிப்பாய்கள் கேட்டார்கள் என்ற பகுதி உலகப் புகழ்பெற்றது. அந்த வியப்பு நூறு சதவீதம் உண்மையான வியப்பு என்றே நம்புகிறேன். அந்த நகரத்தை அழித்ததில் தனக்கும் பங்கு உண்டு என்பதும் அவருக்குத் தெரியும். தான் அன்று கண்டவற்றில் எதுவுமே இப்போது நிற்கவில்லை என்று அங்கேயே எழுதிவைக்கிறார்.

ஆனாலும் இதுவும் ஒரு மனுதான். கோர்டெஸின் வீட்டுப் பாதிரியாராக இருந்த லோபெஸ் தெ கோமாரா, அமெரிக்காவில் காலே வைக்காமல், 1552-இல் ஒரு வரலாறு வெளியிட்டார். அதில் எல்லாப் பெருமையும் கோர்டெஸுக்கே. சாதாரண வீரர்களும் உழைத்தோம் என்று பெர்னால் பதில் சொல்கிறார். அதே 1552-இல் பார்தொலொமே தெ லாஸ் காஸாஸ் பாதிரியார் ஸ்பானியர்களின் கொடுமைகளைப் பட்டியலிட்டு அச்சிட்டார். பெர்னாலின் பிழைப்பு அவருக்கு ஒதுக்கப்பட்ட கிராமங்களின் கப்பத்திலும் உழைப்பிலும் ஓடியது. அத்தகைய ஒதுக்கீடுகள் வாரிசுகளுக்குப் போகாமல் தடுக்க 1542-இன் புதிய சட்டங்கள் முயன்றன. ஆக, போர் நியாயமானது, அதில் நான் ரத்தம் சிந்தினேன், என் பிள்ளைகளுக்கு இது சேர வேண்டும் என்ற குரல் நூல் முழுக்கக் கேட்கும். ஜே. எம். கோஹனின் பெங்குவின் பதிப்பு (1963) சுருக்கமானது, நகர வீழ்ச்சியோடு முடியும். முதல் வாசிப்புக்கு அதுவே போதும்.

நாவாட்லில் எழுதியவர்கள்

தோற்றவர்கள் எழுதவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மெஷிகாக்களுக்குச் சித்திர எழுத்து முன்பே இருந்தது. போருக்குப் பிறகு ஒரே தலைமுறையில் லத்தீன் எழுத்தைக் கற்றுக்கொண்டு தங்கள் மொழியில் ஏராளமாக எழுதினார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பெர்னார்தினோ தெ சாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி 1529-இல் மெக்சிகோ வந்தார். 1536-இல் ட்லடெலோல்கோவில் தொடங்கிய கல்லூரியில் உள்ளூர்ப் பிரபுக்களின் பிள்ளைகள் லத்தீன், ஸ்பானியம், நாவாட்ல் மூன்றிலும் தேர்ந்தார்கள். அந்தோனியோ வலெரியானோ, மார்தின் ஹகோபிதா, அலோன்சோ வெஹெரானோ போன்ற அந்த மாணவர்கள் சாகுனோடு சேர்ந்து ஊர் முதியவர்களைக் கேட்டுக் கேட்டு எழுதியதுதான் இன்று பிளாரன்ஸ் சுவடி என்று அழைக்கப்படும் பன்னிரண்டு புத்தகத் தொகுதி. தெய்வங்கள், சோதிடம், மருந்து, செடிகொடி, வணிகர் வாழ்க்கை என்று எல்லாம் அதில் உண்டு. சுமார் இரண்டாயிரத்தைந்நூறு ஓவியங்கள். 1576-இல் இன்னொரு கொள்ளைநோய் ஊரைத் தின்றுகொண்டிருந்தபோது அவர்கள் பிரதியை முடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பகுதிகளில் பல ஓவியங்கள் வண்ணம் பூசப்படாமலே நிற்கின்றன.

பன்னிரண்டாவது புத்தகம் போரைப் பற்றியது. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்தி, இடப்பக்கம் ஸ்பானியம், வலப்பக்கம் நாவாட்ல். இரண்டும் ஒன்றே என்று நினைத்துவிட வேண்டாம். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மொக்தெசுமாவின் தூதர்கள் ஸ்பானியர்களுக்குத் தங்கம் கொடுக்கிறார்கள். நாவாட்ல் பத்தி, அவர்கள் குரங்குகளைப் போலத் தங்கத்தை எடுத்துத் தடவினார்கள், பன்றிகளைப் போல அதற்குப் பசித்தார்கள் என்கிறது. ஸ்பானியப் பத்தியிலோ அவர்கள் தங்கத்தைக் கண்டு மகிழ்ந்தார்கள், அதைப் பெரிதாக மதித்தார்கள் என்ற அளவில்தான் இருக்கிறது. ஒரே பக்கத்தில் இரண்டு வாசகர்களுக்கு இரண்டு வரலாறு!

இருபதாவது அத்தியாயம்தான் கோர்டெஸ் சொல்லாமல் விட்ட டோஷ்கட்ல் படுகொலை. வாசல்களை அடைத்துவிட்டு உள்ளே வந்தவர்கள் முதலில் பறை அடித்தவரின் கைகளை வெட்டுகிறார்கள். படிக்கச் சுலபமான பக்கங்கள் அல்ல. இருபத்தொன்பதாவது அத்தியாயத்தில் பெரியம்மை வருகிறது. உடல் முழுக்கப் புண் மூடி, திரும்பிப் படுக்கக்கூட முடியாமல் மக்கள் கிடக்கிறார்கள். எழுந்து உணவு தேடித்தர யாரும் இல்லாததால் பட்டினியிலும் பலர் செத்துப்போகிறார்கள். கோர்டெஸின் மூன்றாவது கடிதத்தில் அதே நோய், இறந்துபோன தலைவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்களை நியமிக்கச் சொல்லி என்னிடம் வந்தார்கள் என்ற தகவலோடு கடந்துபோகிறது.

சரி, இந்த நூலில் சார்பே இல்லையா என்றால், இருக்கிறது. சொன்ன முதியவர்கள் பெரும்பாலும் ட்லடெலோல்கோக்காரர்கள். அதே தீவில் இருந்த அந்த ஊரை டெனோச்டிட்லான் 1473-இல் போரில் அடக்கியிருந்தது. 1521-இல் கடைசிப் போர் நடந்ததோ ட்லடெலோல்கோவில். ஆகவே பன்னிரண்டாம் புத்தகத்தில் டெனோச்டிட்லானின் அரசர் மொக்தெசுமா நடுங்குகிறார், குகைக்குள் ஒளிய இடம் தேடுகிறார். ட்லடெலோல்கோ வீரர்கள் சிங்கம் மாதிரி நிற்கிறார்கள். பெரிய பாறைக்கற்களை எறிந்து ஸ்பானியரைச் சிதறடிக்கும் த்சிலாகாட்சின் என்ற வீரரின் கதை அப்படி வந்ததுதான். பழைய ஊர்ப்பகை எழுத்தில் எப்படி இறங்குகிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

இங்கேதான் எல்லாருக்கும் தெரிந்த அந்தக் கதையும் வருகிறது: மெஷிகாக்கள் கோர்டெஸைத் திரும்பி வந்த தெய்வம் கெட்சல்கோட்ல் என்று நம்பினார்கள் என்பது. கோர்டெஸ் தன் கடிதங்களில் எங்குமே தன்னைத் தெய்வமாக நினைத்தார்கள் என்று சொல்லவில்லை. தனக்குச் சாதகமான எதையும் விட்டுவைக்காதவர் அவர், அப்படி நடந்திருந்தால் எழுதாமல் இருந்திருப்பாரா? பன்னிரண்டாம் புத்தகத்தின் வேலை தொடங்கியதே போர் முடிந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு. பாதிரியார்களிடம் படித்த, அப்பாவும் தாத்தாவும் ஏன் தோற்றார்கள் என்று தெரிந்துகொள்ளத் தவித்த ஒரு தலைமுறை அதை எழுதியது. முன்பே அபசகுனங்கள் தோன்றின, அரசர் மிரண்டுபோனார் என்ற விளக்கம் அவர்களுக்கு ஒரு ஆறுதலாக இருந்திருக்கும். வரலாற்றாளர் கமிலா டவுன்செண்ட் 2003-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தத் தெய்வக் கதையை அலசித் தள்ளுபடி செய்தார். இன்றைக்கும் இதை உண்மையாகச் சொல்லும் புத்தகம் கையில் கிடைத்தால் சற்று எச்சரிக்கையோடு படியுங்கள்.

நாவாட்ல் எழுத்துகளைப் பரவலாக அறியச் செய்தவர் மெக்சிகோவின் மிகேல் லெயோன்-போர்தியா. 1959-இல் அவர் தொகுத்த நூல் ஆங்கிலத்தில் 'தி புரோக்கன் ஸ்பியர்ஸ்' என்று வந்தது. மனதை உலுக்கும் நூல், எளிதில் படிக்கலாம். ஆனால் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு காலங்களில் எழுதப்பட்டவற்றை ஒரே கதையாகக் கோத்திருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. நாவாட்லிலிருந்து ஸ்பானியத்துக்கும் அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் வந்த பாடம் அது. நேரடி மொழிபெயர்ப்பு வேண்டுமானால் ஜேம்ஸ் லாக்ஹார்ட்டின் 'வீ பீப்பிள் ஹியர்' (1993) இருக்கிறது. சுவடியின் இரண்டு பத்திகளையும் தனித்தனியே ஆங்கிலமாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார். பிளாரன்ஸ் சுவடி முழுவதையும் அமெரிக்காவின் கெட்டி (Getty) ஆய்வு நிறுவனம் 2023-இல் ஓவியங்களோடும் மொழிபெயர்ப்போடும் இணையத்தில் இலவசமாக வைத்துவிட்டது. பணம் செலவழிக்காமல் தொடங்க விரும்புபவர்களுக்கு இது பெரிய வரம்.

வென்றது யார்?

1521 முற்றுகைக்குக் கிளம்பும்போது தன் ஆட்களை எண்ணிப் பார்த்ததாகக் கோர்டெஸ் எழுதுகிறார். குதிரைவீரர் 86, வில்லும் துப்பாக்கியும் வைத்திருந்தவர் 118, வாளும் கேடயமும் ஏந்திய காலாட்கள் எழுநூறு சொச்சம். இவ்வளவு பேர் ஐரோப்பாவின் பெரும் நகரங்களுக்கு நிகரான ஒரு நகரத்தை வீழ்த்தினார்கள் என்று படித்துவிட்டு, எஃகும் குதிரையும் செய்த அதிசயம் என்று நம்பியவர்கள் பல தலைமுறை. அந்த எண்ணிக்கையில் ட்லாஷ்கலா, டெஷ்கோகோ, வெஹோட்சிங்கோ என்று வந்து சேர்ந்த பல்லாயிரம் போர்வீரர்கள் இல்லை. கல்பாதைகளில் வெட்டப்பட்ட இடைவெளிகளை நிரப்பியவர்கள், உணவு கொண்டுவந்தவர்கள், பிரித்த கப்பல்களை ட்லாஷ்கலாவிலிருந்து மலை தாண்டித் தோளில் சுமந்தவர்கள் எல்லாரும் அவர்கள்தான்.

ட்லாஷ்கலர் ஏன் சேர்ந்தார்கள்? பல பத்தாண்டுகளாக மெஷிகாக்கள் அவர்களைச் சுற்றி வளைத்து, உப்பும் பருத்தியும் உள்ளே போகவிடாமல் தடுத்திருந்தார்கள். டெஷ்கோகோவிலோ 1515-இல் அரசர் இறந்தபின் வாரிசுச் சண்டை. மொக்தெசுமா ஒரு மகனை ஆதரிக்க, இன்னொரு மகன் இஷ்ட்லில்சோசிட்ல் பின்னாளில் ஸ்பானியரோடு சேர்ந்தார். இவர்களில் யாரும் ஸ்பெயினுக்காகப் போரிடவில்லை. தங்கள் கணக்கைத் தீர்க்க ஒரு புதிய கூட்டாளி கிடைத்தான் என்றுதான் பார்த்தார்கள். கோர்டெஸ் அவர்களைப் பயன்படுத்திக்கொண்டார் என்பது போலவே அவர்களும் கோர்டெஸைப் பயன்படுத்திக்கொண்டார்கள். இந்தக் கோணத்தை நன்றாகக் காட்டுவது ராஸ் ஹாஸிக் எழுதிய 'மெக்சிகோ அண்ட் தி ஸ்பானிஷ் காங்க்வெஸ்ட்' (1994). மெக்சிகோவின் போர்முறை, அறுவடைக் காலத்துக்கும் படை திரட்டுவதற்கும் உள்ள தொடர்பு, சுமைதூக்கிகளின் கணக்கு எல்லாம் அதில் உண்டு. சின்னப் புத்தகம், கொஞ்சம் வறட்சியான நடை, ஆனால் ஒரு பக்கமும் வீணில்லை.

ட்லாஷ்கலர் தங்கள் மனுவையும் விட்டுவைக்கவில்லை. 1552 வாக்கில் ஒரு பெரிய துணியில் போர்க் காட்சிகளை வரிசையாக வரைந்தார்கள். மூலம் தொலைந்துவிட்டது, பிரதிகள் இருக்கின்றன. அதில் அவர்கள் தொடக்கம் முதலே ஸ்பானியரின் தோழர்கள், தலைவர்கள் ஞானஸ்நானம் பெறுகிறார்கள், தோளோடு தோள் நின்று போரிடுகிறார்கள். முதலில் கோர்டெஸோடு அவர்கள் கடுமையாக மோதிய கதை அங்கே இல்லை. வரிவிலக்கும் சலுகையும் கேட்பவர்கள் அதை ஏன் வரையப்போகிறார்கள்? கோர்டெஸ் விட்டது ஒன்று, இவர்கள் விட்டது இன்னொன்று.

இப்படிப் பரவிப்போன தவறான எண்ணங்களை ஒரே நூலில் எடுத்துப் பேசுவது மேத்யூ ரெஸ்டாலின் 'செவன் மித்ஸ் ஆஃப் தி ஸ்பானிஷ் காங்க்வெஸ்ட்' (2003). விரல்விட்டு எண்ணக்கூடிய சாகசக்காரர்கள், அரசரின் படை, வெள்ளையர் மட்டுமே என்று ஏழு நம்பிக்கைகளை அவர் உடைக்கிறார். ஆப்பிரிக்காவில் பிறந்த ஹுவான் காரிதோ அதில் வருகிறார். டெனோச்டிட்லான் போரில் இருந்தவர், மெக்சிகோவில் முதன்முதலில் கோதுமை விதைத்தது நானே என்று அரசருக்கு மனு எழுதியவர். ரெஸ்டாலின் பின்னாளைய நூல் 'வென் மாண்டெசூமா மெட் கோர்டெஸ்' (2018). மொக்தெசுமா பயந்து வரவேற்கவில்லை, தன் விலங்குக்காட்சிசாலைக்கு அரிய உயிர்களைச் சேர்ப்பது போல இந்த அந்நியர்களையும் தன் நகரத்துக்குள் சேர்த்துக்கொண்டார் என்று வாதிடுகிறது. ஓரிரு இடங்களில் வாதத்தை இழுத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் படித்தபிறகு அந்த நவம்பர் 8-ஐப் பழையபடி பார்க்க முடியாது.

மலின்ட்சின்

கோர்டெஸுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த பெண் மலின்ட்சின். இவர் இல்லாமல் எந்தப் பேச்சும் நடந்திருக்காது. நாவாட்ல் பேசும் குடும்பத்தில் பிறந்து, மாயா மக்களிடம் அடிமையாகப் போய்ச் சேர்ந்தவர். 1519-இல் கடற்கரையில் தோற்ற மாயா தலைவர்கள் ஸ்பானியருக்குக் கொடுத்த இருபது பெண்களில் ஒருவர். தொடக்கத்தில் கோர்டெஸ் பேசுவதை, முன்பு கப்பலுடைந்து மாயாக்களிடையே வாழ்ந்த அகிலார் என்ற ஸ்பானியர் மாயா மொழியில் சொல்வார். அதை இவர் நாவாட்லில் சொல்வார். சீக்கிரமே ஸ்பானியம் கற்றுக்கொண்டு அகிலாரைத் தேவையற்றவர் ஆக்கிவிட்டார். பெர்னால் இவருக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்குகிறார். ட்லாஷ்கலத் துணி ஓவியத்தில் இவர் நடுவில் பெரிதாக நிற்கிறார். கோர்டெஸின் கடிதங்களிலோ இவர் வருவது இரண்டே இடங்களில், பெயர் சொல்வது ஐந்தாவது கடிதத்தில் மட்டும்.

பின்னாளைய மெக்சிகோவில் இவரைத் துரோகி என்று திட்டுவது வழக்கமாயிற்று. டவுன்செண்ட் எழுதிய 'மலின்ட்சின்ஸ் சாய்சஸ்' (2006) அந்த வசவுக்கு நிதானமாகப் பதில் சொல்கிறது. இவர் மெஷிகா இல்லை, மெக்சிகோ என்ற நாடு அப்போது இல்லை, இவரை விற்றவர்களுக்கு இவர் எந்த விசுவாசமும் கடன்பட்டிருக்கவில்லை. ஒரு வரி கூட எழுதி வைக்காத ஒருவருடைய வாழ்க்கையைச் சுற்றியிருந்தவர்களின் சாட்சியங்களிலிருந்து எப்படி எழுப்புவது என்பதற்கு இந்த நூல் ஒரு பாடம்.

எந்த வரிசையில்?

ஒரே புத்தகம்தான் படிப்பேன் என்பவர்களுக்கு டவுன்செண்டின் 'ஃபிஃப்த் சன்' (2019). மெஷிகாக்கள் தாங்களே நாவாட்லில் எழுதிய ஆண்டுக்குறிப்புகளை அடித்தளமாக வைத்து, போருக்கு முன்பும் பின்பும் சேர்த்து ஒரே ஓட்டமாகச் சொல்லும் வரலாறு. நாவல் போலப் படிக்கலாம். அப்புறம் பெர்னால் தியாஸ், கோர்டெஸின் இரண்டாவது கடிதம், லாக்ஹார்ட்டின் மொழிபெயர்ப்பு என்று போனால் ஒன்றின் மேல் ஒன்று நன்றாக ஏறி உட்காரும். இவ்வளவும் வாங்க முடியாது என்றால் ஸ்டூவர்ட் ஷ்வார்ட்ஸ் மாணவர்களுக்காகத் தொகுத்த 'விக்டர்ஸ் அண்ட் வான்குவிஷ்ட்' (2000) போதும். சொலூலா, டோஷ்கட்ல், முற்றுகை என்று ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இரு தரப்பு எழுத்துகளையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்.

வில்லியம் பிரெஸ்காட்டின் 1843 வரலாறு இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள். பார்வை ஏறக்குறைய போய்விட்ட நிலையில், மெக்சிகோவை ஒருமுறையும் பார்க்காமல், பாஸ்டனில் உட்கார்ந்து அவர் எழுதிய நூல் அது. நடை அபாரம். ஆனால் நாகரிகம் காட்டுமிராண்டித்தனத்தை வென்றது என்ற சட்டகத்துக்குள்ளேயே எல்லாம் நடக்கும். அதை முதலில் படித்தால் அந்தச் சட்டகம் மனதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கழற்றுவது கஷ்டம். மூன்றாவதோ நான்காவதோ படியுங்கள். ஹியூ தாமஸின் 'காங்க்வெஸ்ட்' (1993) தலையணை அளவு. செவில் ஆவணக்காப்பகத்தைக் கிளறி, படையில் இருந்த சின்ன ஆட்களைக்கூடப் பெயரோடு தருகிறார். தொடர்ந்து படிப்பதைவிட, சந்தேகம் வரும்போது புரட்டிப் பார்க்க உகந்தது.

இந்த நூல்களில் பல 1521 ஆகஸ்ட் 13-ஓடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் லாக்ஹார்ட்டின் இன்னொரு நூலான 'தி நாவாஸ் ஆஃப்டர் தி காங்க்வெஸ்ட்' (1992) பக்கம் போகலாம். உயில்கள், நிலப் பத்திரங்கள், ஊர்ச்சபைக் குறிப்புகள் என்று நாவாட்லில் எழுதப்பட்ட அன்றாட ஆவணங்களைக் கொண்டு, ஸ்பானிய ஆட்சியின் கீழ் பழைய ஊரமைப்புகள் எவ்வளவு காலம் தாக்குப்பிடித்தன என்று காட்டுகிறார். கனமான நூல். அதைவிட இலகுவாக வேண்டுமென்றால் சிமால்பாயின் இருக்கிறார். 1600-களின் தொடக்கத்தில் மெக்சிகோ நகரத்தில் ஒரு கோயிலில் வேலை பார்த்துக்கொண்டே நாவாட்லில் நாட்குறிப்பு எழுதியவர். நிலநடுக்கம், ஊர்வலம், ஊருக்கு வந்து இறங்கிய ஜப்பானியத் தூதுக்குழு என்று கண்ணில் பட்டதையெல்லாம் தேதியோடு பதிந்திருக்கிறார். அதற்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது.